திறந்திருக்கும் பக்கத்தை இன்னொரு பிரவுசருக்கு ஸ்கிரிப்ட் வைத்து மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகவரியை காப்பி செய்து ஒட்டினாலே போதுமே, இதற்கு எதற்கு ஸ்கிரிப்ட்?

எப்போதாவது ஒரு முறை என்றால் போதும்தான். ஆனால் படிப்பதற்கு ஒரு பிரவுசர், அலுவலகக் கணக்குக்கு இன்னொன்று என்று வைத்திருப்பவர்களுக்கு இது நாள் முழுக்க வரும் வேலை. முகவரிப் பட்டைக்குப் போக வேண்டும், காப்பி செய்ய வேண்டும், அடுத்த பிரவுசரைத் தேடிப் பிடிக்க வேண்டும், புது டேப் திறக்க வேண்டும், ஒட்டி என்டர் தட்ட வேண்டும். இவ்வளவையும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலை வைத்து ஒரே விசையில் முடிக்கலாம் என்றால் ஏன் விட வேண்டும்?

இணையதளம் உருவாக்குபவர்களுக்கு இது இன்னும் அவசியம். குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி எல்லாம் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பிளிங்க் என்ற ஒரே எஞ்சினில் ஓடுகின்றன. ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ, சஃபாரிக்கு வெப்கிட். ஒரு திருத்தம் செய்ததும் மூன்று எஞ்சினிலும் பக்கம் சரியாக வருகிறதா என்று உடனே பார்த்துவிட முடிந்தால்தான் அந்தப் பழக்கம் நிற்கும். கையால் செய்ய வேண்டியிருந்தால் நாளடைவில் குரோமில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுவோம்.

பக்கத்தை மாற்றும்போது உண்மையில் எது போகிறது?

முகவரி மட்டும்தான் போகிறது. இதை முதலிலேயே மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் வராது.

லாகின் செய்திருப்பதற்கான அடையாளம் குக்கீயில் இருக்கிறது. அது அந்தப் பிரவுசரின் சொத்து, கூட வராது. பாதி நிரப்பிய படிவம், பேக் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு, எந்த இடம் வரை படித்தீர்கள் என்பது எதுவும் வராது. படிவம் ஒன்றை அனுப்பியதும் விடையாக வந்த பக்கமாக இருந்தால், முகவரியை மட்டும் எடுத்துப் போய் இன்னொரு பிரவுசரில் திறந்தால் பெரும்பாலும் வெறும் படிவமோ பிழைச் செய்தியோதான் வரும். முகவரி மாறாமலேயே உள்ளடக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கும் தளங்களும் உண்டு. அவற்றில் நீங்கள் எங்கே இருந்தாலும், புதிய பிரவுசரில் முகப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

படித்துக்கொண்டிருந்த இடத்துக்கே போக ஒரு வழி மட்டும் இருக்கிறது. முகவரியின் கடைசியில் # குறி போட்டு, அதன்பின் குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு வாசகத்தைச் சேர்த்தால், பக்கம் திறந்ததும் பிரவுசர் அந்த வாசகத்தைத் தேடிப்போய் வண்ணமிட்டுக் காட்டும். குரோமில் 2020-இல் வந்தது. பிறகு சஃபாரியிலும், 2024-இல் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டது. ஸ்கிரிப்ட் நன்றாகப் பழகியபின், தேர்ந்தெடுத்த வரியையும் முகவரியோடு ஒட்டி அனுப்பப் பழகிக்கொள்ளுங்கள். நீளமான கட்டுரைகளில் இதன் அருமை தெரியும்.

மேக்கில் எப்படிச் செய்வது?

மேக், விண்டோஸ், லினக்ஸ் என்ற மூன்று இயங்குதளங்களில் மேக்கில்தான் இது மிகச் சுத்தமாக நடக்கும். காரணம் ஆப்பிள்ஸ்கிரிப்ட். 1993-இலிருந்து இருக்கும் இந்த மொழியில், ஓடிக்கொண்டிருக்கும் செயலியிடமே நேரடியாகக் கேள்வி கேட்கலாம். சஃபாரியிடம் "முன்னால் இருக்கும் விண்டோவின் நடப்பு டேபின் முகவரி என்ன?" என்று கேட்டால் முழு முகவரியையும் சொல்லிவிடும். விசை எதையும் அழுத்துவதுபோல் நடிக்கத் தேவையில்லை, கிளிப்போர்டையும் தொடத் தேவையில்லை.

ஸ்கிரிப்ட் இரண்டே வேலை செய்தால் போதும். முதல் பிரவுசரிடம் முகவரியைக் கேட்டு ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டாவது பிரவுசரிடம் அதைத் திறக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு, கட்டளைகளைத் தட்டி இயக்கும் டெர்மினலில் உள்ள ஓபன் கட்டளையே போதும். செயலியின் பெயரையும் முகவரியையும் கொடுத்தால் திறந்துவிடும்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. சஃபாரி தன் டேபை "கரன்ட் டேப்" என்று அழைக்கும், குரோம் "ஆக்டிவ் டேப்" என்று அழைக்கும். ஒன்றுக்கு எழுதிய வரி மற்றதில் ஓடாது. ஆனால் எட்ஜ், பிரேவ், விவால்டி மூன்றும் குரோமின் அகராதியையே பின்பற்றுவதால், குரோமுக்கு எழுதியதில் செயலியின் பெயரை மட்டும் மாற்றினால் அவற்றிலும் ஓடும். எந்தச் செயலி என்னென்ன கேள்விக்குப் பதில் சொல்லும் என்பதை ஸ்கிரிப்ட் எடிட்டரில் அதன் அகராதியைத் திறந்து பார்க்கலாம். இணையத்தில் கிடைக்கும் பழைய ஸ்கிரிப்ட்டை அப்படியே நம்புவதைவிட அந்த அகராதியை ஐந்து நிமிடம் புரட்டுவது மேல்.

ஆப்பிள்ஸ்கிரிப்ட்டின் நடை பிடிக்கவில்லை என்றால், 2014-இல் வந்த யோசெமிட்டி பதிப்பிலிருந்து இதே வேலைகளை ஜாவாஸ்கிரிப்ட்டிலும் எழுதலாம்.

ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் இது ஓடவில்லையே?

ஃபயர்ஃபாக்ஸ் நெடுங்காலமாக டேபின் முகவரியை ஆப்பிள்ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுத்ததில்லை. உங்களிடம் உள்ள பதிப்பு என்ன கொடுக்கிறது என்பதை மேலே சொன்னதுபோல் அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் விசைகளை அழுத்துவதுபோல் ஸ்கிரிப்ட்டைச் செய்ய வைக்க வேண்டியதுதான்: முகவரிப் பட்டைக்குப் போக கமாண்ட் + எல், பிறகு காப்பி செய்ய கமாண்ட் + சி, கிளிப்போர்டிலிருந்து எடுத்துக்கொள், கடைசியில் எஸ்கேப்.

ஃபயர்ஃபாக்ஸுக்கு அனுப்புவதில் சிக்கல் எதுவும் இல்லை. அதிலிருந்து எடுப்பதில்தான் இந்தச் சுற்று வழி.

டெர்மினலில் ஓடியது, ஷார்ட்கட் வைத்ததும் நின்றுவிட்டது. ஏன்?

அனுமதிப் பிரச்சினை. 2018-இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து, ஒரு செயலி இன்னொன்றை இயக்க வேண்டுமானால் உங்கள் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் ஸ்கிரிப்ட்டுக்குக் கிடைப்பதில்லை. ஸ்கிரிப்ட்டை ஓட்டும் செயலிக்குக் கிடைக்கிறது. டெர்மினலுக்கு நீங்கள் தந்த அனுமதி, விசை அழுத்தியதும் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஷார்ட்கட்ஸ் செயலிக்குப் பொருந்தாது. முதல் முறை வந்த பெட்டியில் கவனிக்காமல் "வேண்டாம்" என்று அழுத்தியிருந்தால், அதன்பின் கேள்வியே வராது. -1743 என்ற பிழை எண்தான் வரும். சிஸ்டம் செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதிக்குள் ஆட்டோமேஷன் பட்டியலில் போய் டிக் செய்யுங்கள். விசை அழுத்தும் வகை ஸ்கிரிப்ட்டுக்கு அக்சசிபிலிட்டி அனுமதியும் தனியாக வேண்டும்.

விண்டோஸில்?

விண்டோஸில் பிரவுசரிடம் நேரடியாக முகவரி கேட்க இவ்வளவு எளிய வழி கிடையாது. பெரும்பாலோர் பயன்படுத்துவது, விசைகளைத் தானாக அழுத்தவைக்கும் ஆட்டோஹாட்கீ என்ற கருவி. அதில் வரிசை இப்படி இருக்க வேண்டும்: கிளிப்போர்டில் ஏற்கெனவே இருப்பதைப் பத்திரப்படுத்து, கிளிப்போர்டைக் காலியாக்கு, முகவரிப் பட்டைக்குப் போ, காப்பி செய், கிளிப்போர்டில் ஏதாவது வரும்வரை ஒரு நொடி காத்திரு, வந்ததை இரண்டாவது பிரவுசருக்குக் கொடு, பழைய கிளிப்போர்டைத் திரும்ப வை.

காலியாக்கும் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால், காப்பி நடக்காமல் போன சமயத்தில் முன்பு எப்போதோ காப்பி செய்த எதுவோ பிரவுசருக்குப் போய்விடும். அது ஒரு கடவுச்சொல்லாக இருந்தால்? முகவரிப் பட்டையில் விழுந்த அந்தச் சொல் தேடுபொறி வரைக்கும் போய்விடும். காத்திருக்கும் படிக்கும் கண்டிப்பாக நேர வரம்பு வையுங்கள். வரம்புக்குள் எதுவும் வராவிட்டால் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நின்றுவிட வேண்டும்.

ஆட்டோஹாட்கீயின் 2-ஆம் பதிப்பு 2022 கடைசியில் வெளிவந்தது. எழுதும் முறையே மாறிவிட்டது. பழைய ஸ்கிரிப்ட்டைப் புதியதில் போட்டால் முதல் வரியிலேயே பிழை வந்தாலும் ஆச்சரியமில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக 2-ஆம் பதிப்பிலேயே எழுதுங்கள்.

எட்ஜுக்கு அனுப்புவது மட்டும்தான் தேவை என்றால் இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. முகவரிக்கு முன்னால் எட்ஜுக்கென்றே உள்ள முன்னொட்டைச் சேர்த்தால், டீஃபால்ட் பிரவுசர் எதுவாக இருந்தாலும் விண்டோஸ் அதை எட்ஜில் திறக்கும். இதை ஒரே வரி ஜாவாஸ்கிரிப்ட்டாக எழுதி, புக்மார்க்காகச் சேமித்து, குரோமின் புக்மார்க் பட்டையில் வைத்துக்கொள்ளலாம். திறக்கட்டுமா என்று கேட்கும், அவ்வளவுதான்.

லினக்ஸில்?

விண்டோக்களைத் திரையில் காட்ட உங்கள் டெஸ்க்டாப் எக்ஸ்11 என்ற பழைய அமைப்பைப் பயன்படுத்துகிறதா, வேலாண்ட் என்ற புதியதையா என்பதைப் பொறுத்தது. எக்ஸ்11 என்றால் எக்ஸ்டூடூல் விசைகளை அழுத்தும், எக்ஸ்கிளிப் கிளிப்போர்டைப் படிக்கும்; ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்டில் வேலை முடிந்துவிடும்.

வேலாண்டில் ஒரு செயலி இன்னொன்றின் விண்டோவுக்குள் விசை அழுத்துவதையே வடிவமைப்பிலேயே தடுத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்கு நல்லது, நமக்குச் சிரமம். டபிள்யூடைப் என்ற கருவி சில டெஸ்க்டாப்களில் ஓடும், க்னோம் டெஸ்க்டாப்பில் ஓடாது. ஒய்டூடூல் கர்னல் அளவில் விசைகளை உருவாக்குவதால் எங்கும் ஓடும், ஆனால் அதற்குப் பின்னணிச் சேவையும் கூடுதல் அனுமதியும் வேண்டும். வேலாண்டில் இருப்பவர்களுக்கு என் யோசனை, விசை விளையாட்டை விட்டுவிட்டு அடுத்துச் சொல்லும் எக்ஸ்டென்ஷன் (பிரவுசருக்குள் சேர்க்கும் துணை நிரல்) வழிக்குப் போங்கள் என்பதுதான்.

ஃபயர்ஃபாக்ஸை ஃபிளாட்பேக் என்ற செயலித் தொகுப்பு முறையில் நிறுவியிருந்தால், அதை அழைக்கும் கட்டளை வேறு. முதலில் டெர்மினலில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள்.

எக்ஸ்டென்ஷன் எழுதினால் எல்லா இடத்திலும் ஓடாதா?

ஓடும். ஆனால் எக்ஸ்டென்ஷனால் தனியாக இன்னொரு பிரவுசரைத் திறக்க முடியாது. கணினியில் உள்ள புரோகிராம் எதையும் தொட அதற்கு உரிமை கிடையாது. நேட்டிவ் மெசேஜிங் என்ற வசதி வழியாக, நீங்கள் நிறுவிய ஒரு சின்ன உதவிப் புரோகிராமுக்குச் செய்தி அனுப்ப மட்டும் முடியும். திறக்கும் வேலையை அந்த உதவியாளர் செய்யும்.

எக்ஸ்டென்ஷன் கடையில் இருக்கும் "அந்தப் பிரவுசரில் திற" வகையறாக்கள் பலவும் நிறுவியபின் இன்னொரு ஃபைலையும் இறக்கிக்கொள்ளச் சொல்வது இதனால்தான். நீங்களே எழுதுவதும் பெரிய காரியமில்லை. உதவியாளரைப் பைத்தானில் எழுதலாம். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 4 பைட்டில் அதன் நீளம் வரும், அதன்பின் ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் அத்தனை பைட் தரவு. முதலில் நீளத்தைப் படி, பிறகு அவ்வளவு பைட் படி. உதவியாளர் எங்கே இருக்கிறது, எந்த எக்ஸ்டென்ஷன் அதை அழைக்கலாம் என்று ஒரு குறிப்பு ஃபைலில் எழுதி, பிரவுசர் தேடும் இடத்தில் வைக்க வேண்டும். விண்டோஸில் அந்த இடத்தை ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புப் பதிவேட்டில் பதிய வேண்டும். செய்திகளைத் தவிர வேறெதையும் உதவியாளர் தன் வழக்கமான வெளியீட்டில் அச்சிடக் கூடாது. சோதனைக்காகப் போட்ட ஒரு பிரின்ட் வரி மறந்து நின்றுவிட்டால்கூட, பிரவுசர் அதையும் செய்தியாக நினைத்து இணைப்பைத் துண்டித்துவிடும்.

ஒரு நாள் மெனக்கெட வேண்டும். அதன்பின் கிளிப்போர்டும் வேண்டாம், விசை நடிப்பும் வேண்டாம். பிரவுசர் தானே முகவரியை எடுத்துக் கொடுக்கும். மூன்று இயங்குதளத்திலும் ஏறக்குறைய ஒரே ஸ்கிரிப்ட்.

சில முகவரிகள் பாதியோடு நின்றுவிடுகின்றன. ஏன்?

& குறியைப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் பல மதிப்புகள் வரும் முகவரிகளில் அவற்றைப் பிரிப்பது இந்தக் குறிதான். கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லுக்கோ அது கட்டளை முடிந்தது என்பதன் அடையாளம். மேற்கோள் குறி போடாமல் கொடுத்தால், & வரைக்கும் உள்ளதுதான் பிரவுசருக்குப் போகும்; மீதியை ஷெல் தனிக் கட்டளையாக ஓட்டப் பார்க்கும்.

சரி, மேற்கோள் குறி போட்டுவிட்டோம். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஸ்டார்ட் கட்டளை அதிலும் ஒரு வேலை காட்டும்: மேற்கோளுக்குள் வரும் முதல் சொல்லை விண்டோவின் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் வெற்று மேற்கோள் ஒன்றைப் போட்டு, அதன்பின் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

தமிழ் முகவரிகளில் இன்னொரு சிக்கல். பட்டையில் தமிழ் எழுத்தாகத் தெரிந்தாலும் காப்பி செய்ததும் % குறிகளாக மாறிவிடும். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஒரு பைட்டுக்கு % குறியும் இரண்டு இலக்கமுமாக 3 குறிகள். ஆக, "க" என்ற ஓர் எழுத்துக்கு 9 குறிகள். "கா" என்றால் துணைக்காலுக்குத் தனியாக இன்னொரு 9. இதில் தவறு எதுவும் இல்லை, பக்கம் சரியாகவே திறக்கும். ஆனால் கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் விண்டோஸ் பேட்ச் ஃபைலுக்குள் முகவரியை நேரடியாக எழுதினால் % குறி மாறியின் அடையாளமாகிவிடும்; ஒவ்வொன்றையும் இரட்டிப்பாக எழுத வேண்டும். தமிழ்ப் பக்கங்களை அதிகம் திறப்பவர்கள் பேட்ச் ஃபைலை விட்டு பவர்ஷெல்லுக்கு வந்துவிடுவது நிம்மதி.

ஷார்ட்கட் சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் செய்யவில்லையே?

பெரும்பாலும் உங்கள் விரல்தான் காரணம். ஷார்ட்கட்டை அழுத்திய விரலை எடுப்பதற்குள் ஸ்கிரிப்ட் கண்ட்ரோல் + எல் அனுப்பிவிடுகிறது. உங்கள் விரல் இன்னும் ஷிஃப்ட் மேல் இருந்தால் பிரவுசருக்குப் போவது கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எல். எக்ஸ்டூடூலில் இதற்கென்றே, அழுத்தியிருக்கும் துணை விசைகளை முதலில் விடுவிக்கும் தேர்வு உண்டு. ஆட்டோஹாட்கீயில் விசையை விடும்வரை காத்திருக்கும் கட்டளை உண்டு. மேக்கில் அரை நொடி தாமதம் கொடுத்தால் போதும்.

தமிழ்த் தட்டச்சு இயங்கிக்கொண்டிருக்கும்போதும் இப்படி ஆகலாம். எல் விசை அப்போது தமிழ் எழுத்துக்குரியது. விண்டோஸில் இதற்கு எளிய தீர்வு, எழுத்து விசைகளையே தவிர்ப்பது: முகவரிப் பட்டைக்குப் போக எஃப்6, காப்பி செய்ய கண்ட்ரோல் + இன்சர்ட். எந்தத் தட்டச்சு முறையில் இருந்தாலும் இவை மாறாது.

திறந்திருக்கும் எல்லா டேபையும் ஒரே தடவையில் மாற்றலாமா?

மேக்கில் சஃபாரி, குரோம் இரண்டிலும் ஒவ்வொரு விண்டோவாக, ஒவ்வொரு டேபாகச் சுற்றி வந்தால் முடிந்தது. குரோமில் விண்டோவுக்கு "மோட்" என்ற பண்பு உண்டு. அது இன்காக்னிட்டோ என்று சொன்னால் அந்த விண்டோவைத் தொடாமல் தாண்டிப் போகும்படி எழுதுங்கள். தனியாகத் திறந்ததைச் சாதாரண விண்டோவில் கொட்டிவிட்டால் அது வரலாற்றில் பதிந்துவிடும்.

ஃபயர்ஃபாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, வழக்கமாக 15 நொடிக்கு ஒருமுறை டேப் விவரங்களை ப்ரொஃபைல் ஃபோல்டரில் உள்ள பேக்கப் ஃபைல் ஒன்றில் எழுதுகிறது. உள்ளே இருப்பது ஜேசன்தான், எல்இசட்4 முறையில் சுருக்கியது. ஆனால் மொசில்லா தன் சொந்தத் தலைப்பு 8 பைட்டை முன்னால் சேர்த்திருப்பதால் சாதாரண எல்இசட்4 கருவி அதைத் திறக்காது. அந்த 8 பைட்டை நீக்கிவிட்டு, பைத்தானின் எல்இசட்4 நூலகத்தில் பிளாக் முறையில் விரித்தால் எல்லா முகவரியும் கிடைக்கும். பிரைவேட் விண்டோக்கள் அதில் இருக்காது.

பிழை தேடுவதற்காக வெளிப் புரோகிராம்கள் இணையும் டீபக்கிங் போர்ட்டோடு குரோமைத் திறந்து டேப் பட்டியலை வாங்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். சோதனைக்கென்று தனி ப்ரொஃபைல் வைத்திருந்தால் சரி. அன்றாடப் பிரவுசரில் வேண்டாம். அந்தப் போர்ட் திறந்திருக்கும்வரை கணினியில் ஓடும் எந்தப் புரோகிராமும் உங்கள் குக்கீகளை எடுத்துக்கொள்ளலாம். குரோம் 136-ஆம் பதிப்பிலிருந்து வழக்கமான ப்ரொஃபைலில் இதை அனுமதிப்பதும் இல்லை.

குறிப்பிட்ட ப்ரொஃபைலில் அல்லது பிரைவேட் விண்டோவில் திறக்க முடியுமா?

முடியும். குரோமை அழைக்கும்போது ப்ரொஃபைல் ஃபோல்டரின் பெயரைக் கொடுக்க வேண்டும். நீங்கள் வைத்த பெயர் வேறு, ஃபோல்டரின் பெயர் வேறு. குரோமின் வெர்ஷன் பக்கத்தில் "ப்ரொஃபைல் பாத்" என்ற வரியின் கடைசிப் பகுதிதான் சரியான பெயர். பிரைவேட் விண்டோவுக்குக் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் தனித் தேர்வு உண்டு. மேக்கில் குரோம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ஓபன் கட்டளை இந்தத் தேர்வுகளைக் காதில் வாங்காது. புதிதாக ஒன்றைத் தொடங்கு என்ற தேர்வையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மாற்றியதும் பழைய டேபை ஸ்கிரிப்ட்டே மூடிவிடலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டாவது பிரவுசர் முகவரியை வாங்கிக்கொண்டது என்பது வரை ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியும். அங்கே பக்கம் திறந்ததா, லாகின் கேட்டு நிற்கிறதா, பிழை வந்ததா என்று தெரியாது. பழைய டேபில் யாரோ அரைமணி நேரம் உட்கார்ந்து நிரப்பிய விண்ணப்பம் இருக்கலாம். கட்டாயம் மூடத்தான் வேண்டும் என்றால், மூடுவதற்குத் தனி ஷார்ட்கட் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

முகவரி என்பது நீங்கள் எழுதியதில்லை, அந்தத் தளம் எழுதியது. அதை ஷெல் கட்டளைக்குள் சரமாக ஒட்டி ஓட்டினால், முகவரிக்குள் ஒளித்துவைத்த கட்டளையும் சேர்ந்து ஓட வாய்ப்பு உண்டு. டாலர் குறி, அடைப்புக்குறி, அரைப்புள்ளி எல்லாம் முகவரியில் வரக்கூடியவைதான். ஆகவே கட்டளையோடு ஒட்டாமல் தனி ஆர்கியுமென்ட்டாக, அதாவது கட்டளைக்குத் தரும் தனி மதிப்பாகக் கொடுங்கள். ஆப்பிள்ஸ்கிரிப்ட்டில் ஷெல்லை அழைத்தால், முகவரியை மேற்கோளுக்குள் வைத்துத் தரும் "கோட்டட் ஃபார்ம்" என்ற வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். முகவரி எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் என்று தொடங்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முகவரியிலேயே ரகசியம் இருக்கும் பக்கங்களும் உண்டு. கடவுச்சொல்லை மாற்ற மின்னஞ்சலில் வரும் லிங்க், ஒரே முறை பயன்படும் லாகின் லிங்க் போன்றவை. கிளிப்போர்டு வழியாகப் போனால் அவை விண்டோஸின் கிளிப்போர்டு வரலாற்றில் தங்கலாம். ஆப்பிள் கருவிகளில் பக்கத்தில் உள்ள இன்னொரு கருவிக்கும் போகலாம். சோதனைக்காக முகவரிகளை லாக் ஃபைலில் எழுதியிருந்தால், ஸ்கிரிப்ட் சரியாக ஓடத் தொடங்கியதும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதுவரை எழுதிய ஃபைலையும் அழித்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் மாற்றுவதற்குப் பதில், லிங்க்கைத் தட்டும்போதே சரியான பிரவுசரில் திறக்க வழி உண்டா?

உண்டு. மேக்கில் ஃபினிக்கி என்ற இலவசச் செயலியை டீஃபால்ட் பிரவுசராக வைத்துவிட்டு, எந்தத் தளம் எதில் திறக்க வேண்டும் என்ற விதிகளை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிவைக்கலாம். ஆனால் மின்னஞ்சல், அரட்டை போன்ற வெளிச் செயலிகளில் தட்டும் லிங்க்குகளுக்குத்தான் இது உதவும். பிரவுசருக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது இதன் கண்ணில் படாது, அதற்கு மேலே சொன்ன ஸ்கிரிப்ட்தான் வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்பவர்கள், டீஃபால்ட் பிரவுசருக்கு அனுப்பு என்று ஸ்கிரிப்ட்டில் எழுதாமல், போக வேண்டிய பிரவுசரின் பெயரையே எழுதுங்கள். இல்லாவிட்டால் முகவரி ஃபினிக்கியிடம் போய், கிளம்பிய பிரவுசருக்கே திரும்பி வந்துவிடும்.